எட்டு கோர் போதும்க்கா

"பதினாறு கோர் பிராசஸர் உனக்கெதுக்கு? எட்டே போதும்க்கா," என்றான் தம்பி, தன் கம்ப்யூட்டர் கடைக் கவுன்டரில் சாய்ந்தபடி.

பல் செட் செய்யும் கூடத்திலிருந்து மதிய இடைவேளையில் ஓடிவந்திருந்தாள் அக்கா. நகக்கண்களில் வெள்ளை மாவு. அவள் ஆடுவது தபால் செஸ். இப்போது இணையத்தில் நடக்கிறது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். செஸ் புரோகிராமின் உதவிக்குத் தடையில்லை. ஒன்பது வருஷம் முட்டி மோதி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். ஜெயித்தால் தேசிய அணியில் இடம். எதிராளி யாரென்று தெரியாது. 'இடிதாங்கி' என்ற புனைபெயர் மட்டும்தான்.

"கோர் கூடுனாத்தானேடா வேகமா யோசிக்கும்?"

"கூடவே கொதிக்கும். அப்புறம் நொண்டும். உனக்குக் கெடுதல் சொல்வேனா?"

சொல்வானா என்ன? ஆட்டத்தில் எங்கே உதைக்கிறது, எந்தச் சிப்பாய் பயமுறுத்துகிறது என்று தினமும் அவனிடம்தான் புலம்புவாள். "அந்த இடிதாங்கி மட்டும் கையில கிடைக்கட்டும்!" என்று அவள் பல்லைக் கடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவனும் அவன்தான்.

எட்டு கோருக்கே தலையாட்டினாள்.

புதன்கிழமை புதுக் கம்ப்யூட்டர் பெட்டியை வாங்க வந்தாள். கவுன்டரில் ஆளில்லை. பின்னறையில் எட்டிப் பார்த்தாள். மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சதுரங்கப் பலகை. அவளுடைய ஆட்டம்! ஆனால் எதிராளியின் பக்கத்திலிருந்து: கறுப்புக் காய்கள் கீழே இருந்தன. மூலையில் எழுத்துகள்: இடிதாங்கி. பதினாறு கோர்.



"எல்லாம் ரெடிக்கா..." அவளுடைய பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீயாடா?"

அவன் பார்வை திரைக்குப் போய்த் திரும்பியது.

"நேருக்கு நேர் ஆடியிருக்கலாமேடா."

"ஆடினா சின்னப் பையன்னு விட்டுக்கொடுப்ப. ஒரு தடவையாவது உன்னை நிஜமா ஜெயிக்கணும்னு..."

"நிஜமாவா? என் புலம்பலையெல்லாம் கேட்டுக்கிட்டு, ஓட்டை மிஷினை என் தலையில கட்டி, நிஜமா?"

வெளியே யாரோ மணியடித்தார்கள். அவன் நகரவில்லை. பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

அவள் அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய அடுத்த நகர்த்தலுக்கு நாளை வரை நேரமிருந்தது. அவளுடைய வெள்ளைக்கு எது மிகச் சிறந்தது என்று திரை தேடிக்கொண்டிருந்தது. தேடலின் ஆழம் நாற்பத்தொன்று... நாற்பத்திரண்டு... ஒரு பச்சை அம்பு குதிரையிலிருந்து கிளம்பி, அழிந்து, வேறொரு கட்டத்தை நோக்கி மெல்ல நீண்டது.