ஹம்ரியா ஸ்டாப்பில் வண்டி நிற்காது

மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள் என்பதால், தமிழ்ச் சபைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. அந்த வெள்ளி காலை சபை வண்டியை எடுக்கப் போன ஞானசிகாமணியைப் பாஸ்டர் ரூபன் ஓரமாகக் கூப்பிட்டார். நல்லதை மைக்கிலும் கெட்டதைக் காதோடும் சொல்வது அவர் வழக்கம்.

“பிரதர், இன்னையிலேருந்து ஹம்ரியா ஸ்டாப்புல நிறுத்த வேண்டாம்.”

“அங்க நாகவள்ளி நிக்குமே, பாஸ்டர்?”

“மூணு மாசமா அந்தம்மாகிட்டேருந்து தசமபாகம் வரல. வண்டிக்கு யாரு பெட்ரோல் போடுறது? கொஞ்சம் வெளிய நின்னாத்தான் உணர்வு வரும்.”

பக்கத்தில் நின்ற மூப்பர் எட்வின் தலையை ஆட்டினார். ரூவியில் ஏசி ரிப்பேர் கம்பெனி வைத்திருப்பவர். ஞானசிகாமணியின் விசா அவர் கையில். வாரமெல்லாம் அவருக்கு டிரைவர், வெள்ளிக்கிழமை சபைக்கு டிரைவர். விசா போனால் ஊரில், நாசரேத்தில் மகளின் நர்சிங் படிப்பும் போகும். அதனால் ஞானசிகாமணி சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

நாகவள்ளி என்ன, வைத்துக்கொண்டா இல்லை என்றாள்? ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். ராமநாதபுரத்துக்காரி. சம்பளம் வந்தால் ஊருக்கு அனுப்புவதற்கு முன்னால் பத்தில் ஒரு பங்கைக் கவரில் போட்டு வைத்துவிடுவாள். புருஷன் வீரபாண்டி சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். கம்பெனி அவன் சம்பளத்தை நிறுத்தியது. அன்றிலிருந்து இவள் சம்பளம் மருந்துக்கும் ரூம் வாடகைக்குமே பற்றவில்லை. அதற்குப் பாஸ்டர் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? தசமபாகத்தை நிறுத்தியதால்தான் எலும்பு கூடவில்லையாம்! அடப்பாவி மனுஷா! அவன் விழுந்ததால்தானே கவரே நின்றது? எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று திரிகிறவனுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது.

ஹம்ரியாவில், மக்தூம் காக்காவின் டீக்கடை முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் சிரித்து, வேதாகமத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கையை நீட்டினாள். ஞானசிகாமணி நேரே சாலையைப் பார்த்து ஓட்டினார். கண்ணாடியில் பார்த்தால் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

“நாகவள்ளி நிக்காளே, நிறுத்தலியா?” என்றாள் பின் சீட்டிலிருந்து சரோஜாக்கா.

“நிறுத்தாண்டாம்னு சொல்லிருக்கு.”

யார் சொன்னது, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் அந்த மாதக் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆராதனையில் பாஸ்டருக்குத் தொண்டை நன்றாகத் திறந்திருந்தது. கொடுக்காதவன் வீட்டை வியாதி விட்டு நீங்காது என்று முழங்கினார். மதியம் சென்னையிலிருந்து பெரிய ஊழியர் வருகிறார், அவரை அழைத்துவரச் சபை வண்டி ஏர்போர்ட்டுக்குப் போகும் என்று அறிவித்தார். ‘வராத ஐயாவுக்கு வண்டி உண்டு, வந்து நின்னவளுக்கு இல்ல’ என்று ஞானசிகாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லோரும் ‘ஆமென்’ சொன்னபோது அவர் வாயும் ஆமென் என்றது. அந்த வாயை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஆராதனை முடிந்து ஆட்களை இறக்கிவிட வந்தபோது பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகையும் முடிந்திருந்தது. ஹம்ரியாவில் மக்தூம் காக்கா கடையைத் திறந்துகொண்டிருந்தார். சுவரோரத்து ஒரு சாண் நிழலில் நாகவள்ளி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். ஞானசிகாமணியின் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது.

“வண்டி பஞ்சராயிருச்சாண்ணே, இம்புட்டு நேரம்?” என்று ஓடி வந்தாள் அவள். “காலைல என்னைக் கவனிக்காமப் போயிட்டீக. ரெண்டாம் ட்ரிப்புக்கு வருவீகன்னு நின்னேன். இந்த வெள்ளிக்குள்ள கவரக் குடுக்கலைன்னா அவரு காலு கூடாதுன்னு பாஸ்டர் சொன்னாகண்ணே. நீங்களாவது கொண்டுபோய்க் குடுத்துருங்க.”

வேர்வையில் நனைந்த கவரை நீட்டினாள். அவள் காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் விளக்குமாற்று ஈர்க்கைக் கிள்ளிச் செருகியிருந்தாள்.

“நான் தொழுகைக்குப் போகும்போதும் நின்னா, வரும்போதும் நிக்கிறா, தம்பி,” என்றார் மக்தூம் காக்கா. “எங்கயாச்சும் உள்ள போய் உக்காரும்மான்னா, வண்டி என்னைப் பாக்காமப் போயிரும் காக்காங்குறா.”

ஞானசிகாமணி வண்டியை விட்டு இறங்கினார்.

“பஞ்சர் இல்லம்மா. காலைல உன்னைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். கவர் வரலன்னு நிறுத்தாண்டாம்னு பாஸ்டர் சொன்னாரு. நானும் பயந்து போயிட்டேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது நீட்டின கை தாழ்ந்தது. “சாமி வீட்டு வண்டிலயுமாண்ணே காசு பாப்பாக?” என்று மட்டும் கேட்டாள்.

கவரை அவள் விரல்களுக்குள்ளேயே மடக்கி வைத்தார் ஞானசிகாமணி. “மொதல்ல போய் அடகு வச்ச தோட்ட மீட்டுரு. ஆண்டவருக்கு வேணும்னா அவரு நேர்ல கேப்பாரு. நடுவுல இவனுவ எதுக்கு?”

சரோஜாக்கா வண்டியை விட்டு இறங்கி நாகவள்ளியின் தோளைப் பிடித்தாள். “வா பிள்ள, வீரபாண்டியப் பாத்துட்டு வருவோம். விழுந்து கெடக்கிற மனுசன ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே நாங்க. தூ, என்ன சபை!” மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

போன் அடித்தது. பாஸ்டர்.

“பிரதர், எங்க இருக்கீங்க? சென்னை ஐயா இறங்கிட்டாங்களாம். ஏர்போர்ட்டுக்கு யல்லா, யல்லா!”

“வண்டி ஹம்ரியா ஸ்டாப்புல நிக்கி, பாஸ்டர்.”

“அங்க நிறுத்த வேண்டாம்னு சொன்னேன்ல?”

“சொன்னிய. நிறுத்திட்டேன். இனி நான் எடுக்க மாட்டேன்.”

போன் கை மாறியது. மூப்பர் எட்வின். “ஏல சிகாமணி, ஒன் விசா யாரு கைல இருக்குன்னு நெனப்பிருக்கா?”

மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது. சாவியை எடுத்து மக்தூம் காக்காவின் கல்லாமேல் வைத்தார்.

“ஒங்க கைலதான், மொதலாளி. கேன்சல் பண்ணணும்னா பண்ணிக்கிடுங்க. சாவி மக்தூம் காக்கா கடைல இருக்கு, பாஸ்டர வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க. நடந்துதான் வரணும். சபை வண்டி இந்தப் பக்கம் வராதுல்லா?”