ஆறரை லிட்டர் தண்ணீர்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். பெரியவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். சின்னவள் வங்கியில் வேலை பார்த்தாள். மிச்ச நேரமெல்லாம் ஓட்டம். ஓட்டக் குழுவில் அவளுக்குப் 'புயல்' என்று பெயர். பெரியவள் பதினாலு வருஷமாகச் சிறுநீரகம் கெட்டவர்களை எடை பார்த்து, கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்து, அவர்கள் குடிக்கிற தண்ணீரை டம்ளர் டம்ளராக அளந்து கொடுத்து வந்தாள். அதை யாரும் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டவில்லை. சின்னவளின் பதக்கங்களுக்கோ மாமியார் கூடத்தில் கண்ணாடி அலமாரியே வாங்கிப் போட்டிருந்தார். அதைத் துடைக்கிற வேலை எப்படியோ பெரியவள் தலையில் வந்து விழுந்திருந்தது. துடைக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

மலையேறலாம் என்றது கொழுந்தன், சின்னவளின் புருஷன். பெரியவள் வரவில்லை என்றுதான் சொன்னாள். புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வாயேன். சின்னவளப் பாத்தாவது உடம்பக் கொஞ்சம் அசைக்கக் கத்துக்கலாம்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே கடைக்குப் போய்ப் புது ஷூ வாங்கினாள்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் நாலு பேரும் நின்றார்கள். வழிகாட்டி தாடிக்காரர், அதிகம் பேசாதவர். "வெயில் ஏறும். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க" என்று மட்டும் சொன்னார். சின்னவள் முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை; அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வாய்க்கு வந்தது. நடந்துகொண்டே உறிஞ்சினாள். ஊற்றைக் கண்ட இடமெல்லாம் பையை நிரப்பினாள்.

"பாத்தியா, எவ்ளோ ஒழுங்கா குடிக்கறா" என்றான் புருஷன். பெரியவளின் பையும் அவன் தோளில்தான் தொங்கியது. அதையும் அவன் நாலு தடவை சொல்லிக் காட்டிவிட்டான்.

பத்து மணிக்கு மூன்றாவது தடவையாக உட்கார்ந்தார்கள். சின்னவள் கைக்கடிகாரப் பட்டையை இரண்டு துளை தளர்த்திப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் உப்பியிருந்தன. கண்ணுக்குக் கீழேயும் லேசான ஊதல். பெரியவளின் கண் தானாகவே அங்கே போய் நின்றது. பதினாலு வருஷப் பழக்கம் அப்படி. வார்டில் என்றால் அடுத்த நொடி "எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்டிருப்பாள். இங்கே வாய் வரவில்லை. போன வருஷம் சின்னவளின் முழங்கால் வலிக்கு ஏதோ சொல்லப் போய், "அக்காவுக்கு எல்லாருமே பேஷண்டுதான்" என்று அவள் சிரிக்க, சாப்பாட்டு மேஜையே சேர்ந்து சிரித்தது. வெயிலுக்கு வீங்கியிருக்கும், இந்த மகாராணிக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்து நடந்தாள்.

உச்சிக்கு அரைமணி நேரம் இருக்கும்போது சின்னவள் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். கால்கள் பின்னின. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. புயல் உட்கார்ந்துவிட்டது, நான் நிற்கிறேன் என்று நினைத்தாள்.

"தண்ணி வத்திப் போச்சு. குடும்மா, நல்லா குடி" என்று கொழுந்தன் குழாயை அவள் வாயில் வைத்தான். தாடிக்காரரும் தன் பாட்டிலை நீட்டினார்.

சின்னவள் அவர்களைப் பார்த்து, "லாக்கர் சாவி எங்க? மேனேஜர் கேக்கறாரு" என்றாள்.

பெரியவளின் சந்தோஷம் பட்டென்று அணைந்தது. குனிந்து பார்த்தாள். உதடு காயவில்லை. நாக்கு ஈரமாக இருந்தது. நெற்றி கொதிக்கவும் இல்லை. தண்ணீர் வற்றிய உடம்பு இப்படி இருக்காது.

"காலைலேருந்து எத்தன பை குடிச்சா?"

"ரெண்டு பை முழுசா. அப்பறம் என் லிட்டர் பாட்டில்ல பாதி. ஆறரை லிட்டர் இருக்கும். எதுக்கு அண்ணி?"

பெரியவள் குழாயைப் பிடுங்கினாள். "ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. தண்ணி கம்மியாகி வந்ததில்ல, ஜாஸ்தியாகி வந்தது. ரத்தத்துல உப்பு கொறைஞ்சு போச்சு. இன்னும் குடுத்தா மூளை வீங்கிடும்."

கொழுந்தன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணி, இப்பவுமா?"

இரண்டே வார்த்தைதான். அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அலமாரி துடைக்கும்போது அவள் முகம் போன போக்கை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அவளக் கண்டா எரியும்தான்" என்றாள் பெரியவள். "அதுக்காக இதுல பொய் சொல்ல மாட்டேன். தினமும் இருபது பேருக்குத் தண்ணி அளந்து குடுக்கறவ நான். இந்த வீக்கம் எனக்குத் தெரியும். அவ விரலப் பாரு. வத்திப் போன உடம்புல விரல் வீங்குமா?"

கொழுந்தன் விரலைப் பார்த்தான். தாடிக்காரர் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டார். "சொல்லுங்க சிஸ்டர். என்ன செய்யணும்?"

தாடிக்காரர் பையில் சூப் பொடிப் பாக்கெட்டுகளும் பிளாஸ்கில் வெந்நீரும் இருந்தன. நாலு பாக்கெட்டை அரைக் கப் வெந்நீரில் கரைக்கச் சொன்னாள். "நாலா? வாயில வைக்க முடியாதே" என்றான் புருஷன். "விருந்தா வைக்கறோம்? ஊத்துங்க" என்றாள். சின்னவளைச் சாய்த்து உட்காரவைத்து, அவள் விழுங்குகிறாளா என்று ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைப் பார்த்துப் பார்த்து ஸ்பூனால் கொடுத்தாள். முதல் நாலு ஸ்பூன் வெளியே வந்து பெரியவளின் புது ஷூவை நனைத்தது. மறுபடியும் கொடுத்தாள்.

தாடிக்காரர் வாக்கிடாக்கியில் கீழே இருந்த வனக்காவலர் குடிசையைக் கூப்பிட்டார். தூக்குக் கட்டில் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் சின்னவள் இரண்டு தடவை சிறுநீர் கழித்தாள். தண்ணீர் வெளியேறுகிறதே என்று பெரியவளுக்கு உயிர் வந்தது. ஆனாலும் இறங்கும் வழி முழுக்கக் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். நடுநடுவே, "நான் யாரு, சொல்லு" என்று கேட்டாள். இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாவது தடவை, "அக்கா" என்று வந்தது.

போன் சிக்னல் கிடைத்ததும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, "வந்ததும் சாதா டிரிப் ஏத்திடாதீங்க. முதல்ல சோடியம் பாருங்க" என்று மூன்று தரம் சொன்னாள். பார்த்தபோது நூற்றி இருபது. நூற்றி முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாதது. கெட்டியான உப்பு மருந்தை அளந்து ஏற்றினார்கள். "இன்னும் ஒரு லிட்டர் குடுத்திருந்தீங்கன்னா வலிப்பு வந்திருக்கும். அப்பறம் என்னால எதுவும் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வராந்தாவில் கொழுந்தன் வந்து நின்றான். "அண்ணி, மலைல நான் சொன்னது..."

"நீ சொன்னதுல தப்பில்ல தம்பி" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

சின்னவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்காராமலே சொன்னாள். "பத்து மணிக்கே உன் விரலப் பாத்தேன். எனக்குச் சந்தேகம் வந்துது. கேக்கல. வேணும்னுதான் கேக்கல."

சின்னவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"நீங்க என் விரலப் பாத்தத நானும் கவனிச்சேன்கா. தலை அப்பவே வலிக்க ஆரம்பிச்சுடுச்சு. உங்ககிட்ட சொல்லலாமான்னு நெனச்சேன். சொன்னா ஜெயிச்ச மாதிரி ஒரு பார்வை பாப்பீங்க. அதுக்குப் பயந்து வாய மூடிக்கிட்டேன்."

"பாத்திருப்பேன்."

"தெரியும்."

இருவரும் சிரிக்கவில்லை. பெரியவள் அவள் கையை எடுத்து, புறங்கையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். குழி விழவில்லை; வீக்கம் வடிந்திருந்தது. கையை உடனே விட்டுவிடவும் இல்லை.

அப்போது ஓட்டக் குழு வந்து சேர்ந்தது. பூங்கொத்தும் பலூனுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். "புயலுக்கே இப்படியா! எப்படித் தாங்கினே!" என்று கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியவள் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. குழுவில் ஒரு பெண் திரும்பி, "சிஸ்டர், இன்னொரு நாற்காலி கெடைக்குமா?" என்று பெரியவளிடம் கேட்டாள்.

வயிற்றில் பழையபடி சுருக்கென்றது. நேற்று உயிரைக் காப்பாற்றியாயிற்று, மனசு விட்டுப் பேசியாயிற்று, இது மட்டும் போகவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இருங்க, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடிப் போனாள்.