வலிக்கு எத்தனை மார்க்கு

பிரின்சிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? புதுவாயல் மாதா கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் இலவச மருத்துவ முகாம் நடத்தலாம் என்று சொன்னவள் அவள். கம்பெனித் தொழிலாளிகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தவளும் அவள்தான். ஆனால் அவர்களுடைய தோள்வலி பற்றிய ஆய்வைப் பேராசிரியை திலகவதி தூக்கி ஜபீனிடம் கொடுத்துவிட்டார். சென்னை மாநாட்டில் மேடையேறப் போவதும் அந்த மகராசிதான். பிரின்சிக்குக் கிடைத்தது டோக்கன் கூப்பிடுகிற வேலை. பிசியோதெரபி கடைசி வருஷம் வரை முட்டி மோதிப் படித்தது இதற்குத்தானா!

"எல்லாரும் உன் ஊர்க்காரங்க. நீ கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டாங்கம்மா" என்று மேடம் காரணம் சொன்னார். நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

ஜபீனும் அவளும் ஒரே பெஞ்சு. ஜபீன் பழவேற்காட்டிலிருந்து கொண்டு வரும் இறால் வறுவலில் பாதி பிரின்சிக்குத்தான் போகும். இப்போது அவள் சிரித்தாலே குத்திக்காட்டுவது போல இருந்தது.

ஒரு ஞாயிறு வரிசையில் பிரின்சியின் அப்பா சின்னராசுவும் வந்து நின்றார். இரும்புக் கம்பி ஏற்றி இறக்குகிறவர். சட்டை மாட்டும்போது அவருடைய வலது கை பாதியில் நின்றுவிடும். வீட்டில் பிரின்சி, "நைனா, வலிக்கு பத்துக்கு எத்தினி மார்க்கு?" என்று கேட்டால், "ஜீரோம்மா. நீ போய் படி" என்பார். அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் செய்ய மாட்டார்.

திரைக்கு அந்தப் பக்கம் ஜபீன் அதையே கேட்டாள்.

"எட்டும்மா. கைய தூக்குனா உசுரு போவுது. பிரின்சிகிட்ட மட்டும் சொல்லிடாத."

கேட்டுக்கொண்டிருந்த பிரின்சிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வு போனது, மேடை போனது, போய்த் தொலையட்டும். பெற்ற அப்பனையுமா இவள் பறித்துக்கொள்ள வேண்டும்?

முகாம் முடிந்ததும் ஜபீனை மடக்கினாள். "எங்க நைனா இன்னா சொன்னாரு?"

"அத சொல்லக் கூடாதுடி."

"பெரிய டாக்டரு இவ!"

"ஏண்டி பேஜாரு பண்ற? உன்னப் பத்தி சொன்னத வேணும்னா சொல்றேன். வலிக்குதுன்னா நீ அழுவியாம். படிப்ப உட்டுட்டு கம்பெனிக்கு போறேன்னு நிப்பியாம்."

பிரின்சி முதல் வருஷத்தில் அப்படித்தான் நின்றாள்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் முறை வந்தது. பிரின்சி டோக்கன்களை ஜபீன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க சார். உங்க பேரு?"

"இன்னாம்மா வெளயாட்டு?"

"பேரு சொல்லுங்க சார்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "சின்னராசு."

"வலது கை வலிக்கு பத்துக்கு எத்தினி மார்க்கு குடுப்பீங்க?"

அவள் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று அவர் தேடினார். வரவில்லை. பல்லைக் கடித்து அடக்கியிருந்தாள்.

"ஏழு."

"ஏழா? அவளுக்கு மட்டும் எட்டு?" என்று வாய்விட்டுக் கேட்டே விட்டாள்.

"அது போன வாரம்மா. அந்தப் பொண்ணு சொன்ன பயிற்சிய செஞ்சேன், ஒண்ணு கொறஞ்சிக்கீது."

மறுபடியும் எரிந்தது வயிறு. பிரின்சி வீட்டில் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சி!

"கைய மேல தூக்குங்க சார்" என்று அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

தோள் உயரம் வருவதற்குள், "ஐயோ, பிரின்சி!" என்று கத்திவிட்டார். அவள் காதுபட அவர் வலியில் கத்தியது அதுதான் முதல் தடவை.