புதுக் கழிப்பறை

சட்டை வாங்கும் வெளிநாட்டுக் குழு பார்வையிட வருகிறது என்றதும் தையல் ஆலை முதலாளிக்குத் தொழிலாளர்கள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மளமளவென்று வெள்ளை ஓடு பதித்த கழிப்பறைகள் எழும்பின. குழாய் மினுமினுத்தது, சோப்பு மணத்தது. தண்ணீர் இணைப்பு மட்டும் கிடையாது. வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், உட்காரவா போகிறார்கள் என்பது அவர் நினைப்பு.

காலர் தைக்கும் அக்காவுக்கு அந்தக் கழிப்பறைகளைப் பார்க்கும்போதெல்லாம் குமட்டியது. பக்கத்து மெஷினில் இருப்பவள் அவள் தங்கை. பழைய கழிப்பறையின் சாவி சூப்பர்வைசரிடம்; கேட்டால் முறைப்பான். அடக்கி அடக்கித் தங்கைக்குச் சிறுநீரில் ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவாள்? இன்றைக்கு வாயைத் திறந்துவிடுவது என்று அக்கா முடிவுகட்டியிருந்தாள்.

தொழிலாளர் பிரதிநிதி என்று அவளைத்தான் கூட்டத்தில் உட்காரவைத்தார்கள். வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருப்பார்கள். மொழிபெயர்க்கும் பெண் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். தொழிலாளியை மனிதராக நடத்தினால்தான் உங்கள் சட்டை எங்கள் கடைக்குள் வரும் என்றார் குழுத் தலைவர். வியாபாரத்துக்கு நிபந்தனை போட்டால் இந்த ஏழைப் பெண்களின் அடுப்பில் பூனை தூங்கும் என்று முதலாளி தழுதழுத்தார். இருவர் வாயிலும் அவள்தான் உருண்டாள். நடுவில் இருந்த வறுத்த கோழியும் காலியாகிக்கொண்டிருந்தது.

திடீரென்று தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் தடுக்குமுன் புதுக் கழிப்பறைக்குள் பாய்ந்து தாழ் போட்டுக்கொண்டார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தார். கூடவே வாடையும் வந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளைக் கேட்டார்கள்.

"அந்த கக்கூஸ்ல தண்ணி வராதுங்க. எங்களுக்கு அதத் தொறந்ததே இல்ல. அடக்கி அடக்கியே என் தங்கச்சிக்கு ரத்தமா போகுது."

மொழிபெயர்ப்புப் பெண் ஒரு சொல் விடாமல் சொன்னாள். தலைவரின் காது சிவந்தது. தண்ணீர் வரவில்லை என்று ஒப்புக்கொண்டால், அங்கே விட்டுவந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. மேசையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"வசதியெல்லாம் திருப்தியா இருக்காம்," என்றாள் அந்தப் பெண், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "அவரே போய்ப் பாத்தாராம்."

முதலாளி எழுந்தோடித் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுவாத கை என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். பேரம் படிந்துவிட்டது.

அடுத்து அந்தக் கை அவள் பக்கம் நீண்டது. அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சீ, இதுகளும் ஒரு ஜென்மமா என்றிருந்தது.

அவள் பேசியது அதற்குள் சூப்பர்வைசர் காதுக்கு எட்டியிருந்தது. வெளியே வந்தபோது, தங்கையின் கையில் வாளியும் துடைப்பமும் இருந்தன. அவளுக்காகப் புதுக் கழிப்பறையைத் திறந்துவிட்டிருந்தான்.