எதிர்ச் சபையில் அத்தை

மருமகள் சாப்பாட்டு வாளியோடு உள்ளே நுழைந்தபோது மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்ன எதற்கோ, வாய்விட்டு, தோள் குலுங்க. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை. வேறு யாருடைய மாமியாரிடமோ வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே ஒரு கணம் தயங்கி நின்றாள்.

புயலுக்கு முன்னால் கடலோரத்தைக் காலி செய்து, சனங்களைப் பேருந்துகளில் ஏற்றி, இந்த ஊரில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரே தெருவில் மூன்று கிறிஸ்தவச் சபைகள். சாதாரண நாளில் ஒன்றில் மணி அடித்தால் இன்னொன்றில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவார்களாம். வண்டி நிறுத்தும் இடத்துக்காக மூன்றுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவையாம். பேருந்துகள் வந்து நின்ற அன்று மூன்று போதகர்களும் நடுத்தெருவில் நனைந்துகொண்டே பேசி முடித்துவிட்டார்கள். பெரிய சபையின் மாடி மண்டபம் குடும்பங்களுக்கு. எதிரே இருந்த சின்னச் சபையில் கட்டில்கள் உண்டு, அது வயதானவர்களுக்கு. தெருமுனைச் சபையில் பெரிய அடுப்புகள் இருந்ததால் எல்லோருக்குமான சமையல் அங்கே. மண்டபத்தில் நெருக்கடி என்று மாமியாரை எதிர்ச் சபைக்கு அனுப்பினார்கள்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டோமே" என்று மகன் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவனுக்கு வீட்டுக்குள் நடப்பது எங்கே தெரியும்? சண்டை என்று சொல்லும்படி ஒன்றுமில்லைதான். குழாயை ஏன் இறுக்கி மூடவில்லை, ஜன்னலை ஏன் திறந்தாய், அவ்வளவுதான். ஆனால் விடிந்ததிலிருந்து அடையும் வரை அவ்வளவுதான். இரண்டே அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி இன்னொருத்தியின் முழங்கையில் இடித்துக்கொண்டாள்.

"வாடி, உக்காரு" என்று மாமியார் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "இவதான் என் மருமக. செருப்புக் கடையில வேலை. பாதத்தைப் பாத்தாலே அளவு சொல்லிடுவா" என்றாள்.

தன் வேலையைப் பற்றி மாமியார் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி மருமகள் அன்றுதான் கேட்டாள்.

"சாப்பிடுங்க அத்தை, ஆறிடப் போகுது."

"நீ சாப்டியா? நீயும் ஒரு வாய் போட்டுக்கிட்டாதான் நான் தொடுவேன்."

விருந்துக்கு வந்த இடத்தில்போல இருவரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் குரல் ஒன்று மருமகளுக்கு உண்டு. அந்தக் குரலில்தான் இப்போது அத்தையிடம் பேசுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. நடிக்கிறோமோ என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. தினமும் சமையல் முடிந்து வாளியைத் தூக்கும்போது, இந்தக் கட்டிலுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று கால் தானாகவே எட்டிப் போட்டது.

அன்று வாளியோடு ஒரு ஜோடி செருப்பும் கொண்டுவந்திருந்தாள். வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய செருப்புகளை மூன்று சபைக்காரர்களும் ஒன்றாகக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலில் தேடி எடுத்தது. கீழே உட்கார்ந்து மாமியாரின் பாதத்தைப் பிடித்தாள். கூச்சத்தில் மாமியார் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏய், என் கால்ல எல்லாம் விழாத, எந்திரி."

"விழல அத்தை. அளவு பாக்கறேன்."

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் புரையேறியது. செருப்பு கச்சிதமாகப் பொருந்தியது.

அந்த நேரத்தில்தான் பெரிய சபையின் போதகர் மகனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "அம்மா, நல்ல செய்தி! மாடியில ரெண்டு குடும்பம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. இனி நீங்க பிள்ளைங்களோடயே இருக்கலாம்."

மகன் அதற்குள் கட்டிலடியில் இருந்த பையைக் கையில் எடுத்துவிட்டான். மாமியார் மருமகளைப் பார்த்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மண்டபத்தில் ஒரே பாய், ஒரே சுவர், ஒரே மின்விசிறி.

"மாடிப்படி ஏறணுமே ஐயா" என்றாள் மருமகள். "அத்தைக்கு முட்டி வலி."

மாமியாரின் கை உடனே முட்டிக்குப் போனது. "ஆமாங்கய்யா. உயிர் போகுது."

மகன் வாயைப் பிளந்தான். "உனக்கு எப்பம்மா முட்டி வலி வந்துச்சு?"

"புயல்லதான்டா. வேற எதுல வரும்?"

போதகர் பையை வாங்கித் திரும்பக் கட்டிலடியில் வைத்துவிட்டு, மகனின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனார். வயதானவளை ஒதுக்கிவிட்டோமோ என்று மருமகளுக்கு உறுத்தியது.

"பொய் உனக்கு நல்லா வருதுடி" என்றாள் மாமியார்.

"அத்தை, நான் வந்து..."

"நீ சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன்."

தண்ணீர் வடிந்து சாலை திறந்ததும் மகன் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முன்னறைக்குச் சேதமில்லை. பின்னறையின் கூரை பறந்து, சந்துப் பக்கச் சுவர் இடிந்திருந்தது. மூன்று சபைக்காரர்களும் சேர்ந்து கொத்தனார்களை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் மாமியார் மருமகளை வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துப் பலகையில் ஒரு கட்டம் போட்டாள். பக்கத்தில் இன்னொரு கட்டம்.

"இது நீங்க ரெண்டு பேரும் இருக்கற ரூம். இது என்னோடது. எப்படியும் சுவரைப் புதுசாத்தான் எழுப்பணும். சந்துப் பக்கம் எனக்கு ஒரு வாசல் வச்சா என்ன?"

"தனி வாசலா? ஊர்ல என்ன சொல்லுவாங்க அத்தை? மாமியாரைத் தள்ளி வச்சுட்டான்னு என்னைத்தானே பேசுவாங்க?"

"பேசட்டும். நான் உன் கதவைத் தட்டிட்டு வருவேன். நீ என் கதவைத் தட்டிட்டு வா. தட்டிட்டு வர்றவங்களை யாராவது, குழாயை ஏன் சரியா மூடலைன்னு கேப்பாங்களா?"

தெருமுனைச் சபையில் யாரோ பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்க்கும் சத்தம் கேட்டது. வெயில் பெஞ்சில் பாதிவரை ஏறியிருந்தது. ஈரக்கோடுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. சந்துப் பக்கத்து வாசல் ஏற்கெனவே அழிந்துவிட்டது.

அவள் தம்ளரில் விரலை விட்டு நனைத்துக்கொண்டு, அந்த வாசலை மறுபடி போட்டாள். கொஞ்சம் அகலமாக.

"இவ்வளவு எதுக்குடி?"

"உங்களுக்கு ஒரு கட்டில் உள்ள போகணும்ல அத்தை."