இடப்பக்கக் கதவு

மனைவி கைனாத் இறந்த மறுமாதமே சுஃபியான் தன் பந்தயக் காரில் மறுபடி கை வைத்தான். அறுநூறு குதிரைசக்தி எஞ்சின் பாய வேண்டுமென்றால் எடைதான் முதல் பகை. ஏசி, பின்சீட்டு, இடப்பக்கக் கதவின் உள்கைப்பிடி எல்லாம் எப்போதோ போய்விட்டன. அவன் சுற்றிவந்து வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் கைனாத் இறங்க முடியும். இப்போது அவளுடைய சீட்டையும் கழற்றிப் போட்டான்.

பந்தயத்தன்று கால் மைலைக் கார் பத்தே நொடியில் விழுங்கியது. முதுகில் எட்டி உதைத்ததுபோல் இருந்தது. மனதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

"பின்னிட்ட மச்சான்!" என்று கூட்டாளி சூர்யா கட்டிக்கொண்டான். "இன்னா, மூஞ்சில ஒரு சிரிப்பக் காணோம்?"

"வெயிட்டு கொறஞ்சிச்சுல்ல, அதான் ஓடிச்சு."

இரும்புலியூரில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியவன், சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.