முப்பத்துநான்காவது கிலோமீட்டர்

இரண்டாவது டம்ளரையும் ஜெசிந்தா குடித்துவிட்டாள், தண்ணீர் இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கிறது, சாலைக்கு அப்புறம் உப்பளங்கள் வெயிலில் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் குத்துகின்றன, இது எத்தனையாவது தண்ணீர் மேசை, பதினாறா பதினேழா, எதிலும் இரண்டு டம்ளருக்குக் குறைத்ததில்லை, போன வருஷம் இதே மாரத்தானில் நாக்கு வறண்டு நடுச்சாலையில் விழுந்தவள் அவள், துறைமுக அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அவள் விழுந்துகிடந்த படத்தைப் பார்த்திருந்தார்கள், இனி ஒரு சொட்டுத் தாகத்தோடும் ஓடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

பக்கத்தில் பேச்சியம்மாள் ஓடிவருகிறாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், எட்டு மாதமாக ஞாயிறுதோறும் இருட்டு விலகுமுன் கடற்கரைச் சாலையில் இவளோடு சேர்ந்து ஓடியவள், கால்விரல்களுக்கு வாசலின் தடவவும், ஓட்டத்துக்கு முந்தின நாள் புதிதாக எதையும் தின்னாமலிருக்கவும் சொல்லிக்கொடுத்தவள், ஏட்டி, தாகம் எடுத்தாக் குடி, எடுக்காமக் குடிக்காத, வேர்வையில உப்பும் போவுதுல்லா, என்று உப்புப் பொட்டலங்களைக் கையில் திணித்தாள், சரிக்கா என்றாள் ஜெசிந்தா, உப்பு தின்றால் தாகம் எடுக்குமே என்று பயந்து அவற்றை அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தாள், அது இன்று காலையா, இல்லை போன ஞாயிறா, இன்றைக்கும் ஞாயிறுதானே, அப்படியானால் இது வெறும் பயிற்சிதான், பிறகு ஏன் இத்தனை பேர் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள், விரல்கள் வீங்கிக் கல்யாண மோதிரம் இறுக்குகிறது, மண்டைக்குள் யாரோ மெத்தையை நனைத்துத் திணித்த மாதிரி ஒரு கனம், வேகமாப் போவோமாக்கா என்று கேட்டாளா, நினைத்தாளா, தெரியவில்லை, பேச்சியம்மாளுக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது, அதற்குள் ஒரு தடவையாவது ஐந்து மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், போன வருஷம் நாலு நிமிஷத்தில் தவறியது, இன்றைக்கு இதுவரை கணக்காக வந்திருக்கிறாள், எனக்காக நிக்காதீங்க என்று ஜெசிந்தாதான் காலையில் சொல்லியிருந்தாள்.

ஏட்டி, என்னப் பாரு, ஒம் மவ பேரு என்ன, என்று ஒரு குரல் கேட்கிறது, ரோசரி என்கிறாள் ஜெசிந்தா, ரோசரி ஒங்க அம்மால்லாட்டி, ஒம் மவ பேரச் சொல்லு, அவள் யோசிக்கிறாள், மகள் முகம் வருகிறது, சீருடை வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை, யாரோ ஒரு பொம்பளை வழியை மறித்து நிற்கிறாள், நகரு, நீ யாரு, என்னைய முடிக்க விடமாட்டியா, ஒரு பையன் டம்ளரை நீட்டுகிறான், அந்தப் பொம்பளை அதைத் தட்டிவிடுகிறாள், தண்ணி குடுக்காத தம்பி, தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் இப்படி ஆயிருக்கா, ஆம்புலன்சக் கூப்பிடு, பிறகு ஒரு பெரிய வெளிச்சம், மேளம் கேட்கிறது, நாடா கட்டியிருக்கிறது, ஜெசிந்தா பேச்சியம்மாளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறாள், நாடா நெஞ்சில் பட்டு அறுகிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது பேச்சியம்மாள் ஓடின உடையோடேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பெனிட்டா வெளியே டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள், பெயர் தானாக நாக்குக்கு வந்தது. நம்ம அஞ்சு மணி நேரத்துக்குள்ள வந்துட்டோமாக்கா என்று கேட்டாள் ஜெசிந்தா. பேச்சியம்மாள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்தாள். நாம முடிக்கலட்டி, முப்பத்துநாலுலயே நின்னுட்டோம், அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சதுல ஒடம்புல உப்பு கொறஞ்சு மூளை வீங்க ஆரம்பிச்சிருச்சாம், இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும்னாரு டாக்டர். அப்ப நீங்க. நானும்தான். இல்லக்கா, நாடா அறுந்துச்சே, ஒங்க கையப் பிடிச்சிருந்தேனே. பிடிச்சேதான், என்று பேச்சியம்மாள் இடது கையை நீட்டினாள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு நகக்கீறல், ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. எரியுதாக்கா. குளிக்கும்போது எரியும். ஜெசிந்தா அந்தக் கையை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள், கீறல்களின் மேல் விரல் படாமல் பிடித்தாள், அந்தக் கையோடு கோட்டைத் தாண்டியது அவளுக்கு இப்போதும் நன்றாக நினைவிருந்தது.